ராஜபாய் ஏலம் எடுத்த பிளவுஸ்

கருங்கல்,
திங்கட்கிழமை, மத்தியானம்.

என் அருமை மகள் ரெஜிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் தையல் மிஷினும் என் முட்டுவலியும் ஆண்டவருடைய கிருபையால் ஒருவிதமாகச் சுகம். அங்கே நீயும் மருமகன் எட்சனும் குஞ்சு அக்சாவும் சளி காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் சுகமாய் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இந்தத் தாளை எடுத்திருக்கிறேன். இந்த வயதில் அம்மா எதற்குப் பேனா பிடிக்கிறாள் என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் உன்னோடு பேசுவது, புறப்பட்ட பஸ்ஸின் ஜன்னலில் இருக்கிறவளோடு பேசுவது மாதிரி இருக்கிறது. நான் ஒன்றைத் தொடங்குவதற்குள் உன் பிரேக் முடிந்துவிடும், இல்லையென்றால் குஞ்சு அழும், இல்லையென்றால் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் இளைத்துப் போனாய் என்று நீ கேட்பாய், நான் இளைக்கவில்லை என்று சொல்லி முடிக்கும்போது நேரமும் முடிந்திருக்கும். கடிதத்தில் நீ இடையில் பேச முடியாது. உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற சபிதா லீவு முடிந்து இந்த வாரம் அயர்லாந்துக்குத் திரும்புகிறாள், அவள் கையில் ஒரு பார்சலும் அதற்குள் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன்.

ஊர்ச் செய்தி முதலில். மழை விட்டபாடில்லை. குளம் நிறைந்து மறுகால் பாய்கிறது. பின்பக்கம் மதில் ஓரமெல்லாம் பாசி பிடித்து வழுக்குகிறது, நான் அந்தப் பக்கம் போவதே இல்லை, நீ பயப்பட வேண்டாம். பலா மரத்துக் கொம்பு கரண்டுக் கம்பியில் உரசி அடிக்கடி ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது, ஆபீசில் போய்ச் சத்தம் போட்டு வெட்ட வைத்தேன். சர்ச்சுக்குப் புது பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பல்பொடி நிறம், பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். அடுக்களையில் ஓடு ஒழுகுகிறது. கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன். ஆள் விட்டு மாற்றலாம்தான். ஆனால் அந்தச் சொட்டுச் சத்தம் கேட்கிறபோது அடுக்களைக்குள் யாரோ நின்று வேலை செய்கிற மாதிரி இருக்கிறது, அதனால் மாற்றாமல் போட்டிருக்கிறேன். இதை எட்சனிடம் சொல்லாதே, மாமிக்கு மண்டையில் கோளாறு என்று நினைப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைத்தான் ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். குஞ்சைப் பார்க்க அம்மா வர வேண்டாம், பக்கத்துத் தெருவில் பிரேசில் நாட்டுக்காரி ஒருத்தி வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறாள், நல்ல மனுஷி, டிக்கெட்டும் இன்சூரன்சும் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவளிடம் விடுவதுதான் ஆதாயம், அம்மா இங்கே வந்தால் அங்கே தையலும் கெடும், குளிரில் முட்டு வேறு மடங்காது என்று நீ சொன்னாய். எட்சன் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார் என்றும் சொன்னாய். நான் சரி மக்களே, அதுதான் நல்லது என்றேன். உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன், உடனே வைத்துவிட்டேன். மகளே, நான் மனசில்லாமல் சொன்ன சரி அது. பாஸ்போர்ட் வந்து பீரோவில் இருக்கிறது. உன் பழைய ஸ்வெட்டரைத் துவைத்து, பக்கத்தைப் பிரித்து எனக்கு ஆகிற மாதிரி துணி கொடுத்து வைத்திருக்கிறேன். கிறிஸ்மஸுக்குத் தைக்கக் கொண்டுவந்தவர்களிடமெல்லாம் இந்த வருஷம் நான் இருக்க மாட்டேன், மகளிடம் போகிறேன் என்று வாய் கொள்ளாமல் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது அதே ஆட்கள் சர்ச்சில் கண்டால், எப்பம் போறிய, எப்பம் போறிய என்று கேட்கிறார்கள். விசாவுக்குத் தாமதம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

எட்சன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ இதைப் படித்துக் காட்டும்போது மருமகன் முகம் வாடக்கூடாது, அதனால் சொல்கிறேன். அவர் நாகர்கோவிலில் எக்கனாமிக்ஸ் படித்தவர், அங்கே போய்க் கிடங்கில் பெட்டி அடுக்கினாலும் படிப்பு எங்கே போகும். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். இந்த வருஷத் தொடக்கத்தில் நீ டூட்டிக்குப் போன ஒரு நேரத்தில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். ஈஸ்டர் வருகிறது, தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள், நான் மீனைக் கழுவுவேனா, கறி வைப்பேனா, கொக்கி பிடிப்பேனா என்று புலம்பினேன். அவர் உடனே, மாமி, பக்கத்து வீட்டு ராஜபாய் அத்தைதான் சும்மா இருக்காவியளே, சமையல அவிய பாக்கட்டும், அவிய வீட்டுத் துணியெல்லாம் நீங்க தச்சுக் குடுங்க என்றார். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. ராஜபாய்க்குச் சமையலில் என் வேகம் கிடையாது, உப்பும் ஒரு கை கூடுதல். தையலோ, நானும் அவளும் ஒரே தையல் கிளாசில்தான் படித்தோம், அவள் தையல் போட்டால் ஒழுங்கைச் சந்து மாதிரி வளைந்து வளைந்து போகும். ரெண்டிலும் அவளைவிட நான் கெட்டிக்காரி. பிறகு அவளிடம் நான் எதற்குச் சோறு வாங்கித் தின்ன வேண்டும் என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். மாமி, நீங்க அவியள விடக் கெட்டியா இல்லியாங்கது கேள்வியே இல்ல, சமைக்கப் போனா நீங்க எத விடுதிய, அவிய எத விடுதாவ, அதத்தான் பாக்கணும் என்றார். நான் ஒரு கறி வைக்கிற நேரத்தில் ஒரு பிளவுஸ் முடிந்துவிடும். ராஜபாய்க்கு அதே கறிக்கு என்னைவிடக் கூடக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான், ஆனால் அந்த நேரத்தில் பிளவுஸ் தைக்க உட்கார்ந்தால் அவள் ஒரு கையை மூட்டி முடித்திருப்பாளோ என்னவோ. அப்படியென்றால் எனக்கு ஒரு கறியின் விலை ஒரு முழு பிளவுஸ். அவளுக்கு அதே கறியின் விலை பிளவுஸின் ஒரு கை. யாருக்குக் கறி மலிவு என்று கேட்டார். நாடும் நாடும் வியாபாரம் செய்வது இப்படித்தானாம், எல்லாவற்றிலும் கெட்டியான நாடும் எதிலும் கெட்டியில்லாத நாடும்கூட, தனக்கு எது குறைந்த இழப்போ அதைச் செய்து மற்றதை வாங்கிக்கொண்டால் ரெண்டு பேருக்கும் மிச்சமாம், இதற்கு ஒப்பீட்டு நன்மை என்று பெயராம். ரெண்டு நாள் யோசித்துப் பார்த்தேன், ஓட்டை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ராஜபாயிடம் போய்ச் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்கக்கூட இல்லை, உனக்கும் சேத்து ஒரு பிடி அரிசி போடியதுல எனக்கு என்ன கொறஞ்சு போவும் என்று சொல்லி அன்றைக்கே தொடங்கிவிட்டாள்.

கணக்கு தோற்றுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி நினைத்துவிடாதே. நன்றாகவே ஜெயித்தது. அவள் வீட்டுப் பிள்ளைகளின் யூனிபார்ம், மருமகளின் சுடிதார், அவளுடைய பிளவுஸ் எல்லாம் சொன்ன நாளில் தைத்துக் கொடுத்தேன், முன்பெல்லாம் மார்த்தாண்டத்தில் கொடுத்துவிட்டு நடையாக நடப்பாள். எனக்கும் ஈஸ்டர் துணி ஒன்றுகூடப் பாக்கி நிற்கவில்லை. ரெண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள மதில்மேல் அவள் தூக்குவாளி வந்து உட்காரும், எடுத்து வைத்துத் தின்பேன். ரெண்டு வீட்டையும் கூட்டிப் பார்த்தால் கறியும் முன்பைவிடக் கூடுதல், தைத்த துணியும் கூடுதல், யாரும் யாரையும் ஏய்க்கவில்லை. ஆனால் ஒன்று போய்விட்டது. அது போகும் என்று எட்சனும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. முன்பு காலையில் தேங்காய்ப்பட்டணத்து மீன்காரர் ஹார்ன் அடித்தால் நானும் அவளும் சேர்ந்துதான் போவோம், அவள் அவரைப் பேச்சில் இழுத்துப் பிடிப்பாள், நான் அந்த நேரத்தில் நல்ல மீனாகப் பொறுக்கிவிடுவேன். பிறகு பின்பக்கம் துணி துவைக்கிற அலக்குகல் பக்கத்தில் உட்கார்ந்து அவளவள் மீனை அவளவள் வெட்டுவோம். என் பூனை அவள் சட்டிக்கு வரும், அவள் கோழி என் கீரைக்கு வரும், அதற்கு ஒரு சண்டை, மருமகள் பேச்சு, மகள் பேச்சு, உன் பேச்சு. இப்போது அவள் மீன் வாங்கி அவள் பக்கத்திலேயே வெட்டுகிறாள். மிஷினை நிறுத்தினால் செதிள் சுரண்டுகிற சத்தம் கேட்கும். கொஞ்சம் நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, என்னட்டி, நூலு அறுந்து போச்சா என்று குரல் வரும். ஆமா என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிப்பேன்.

சண்டையும் நின்றுபோயிற்று. உப்பு கூடுதல் என்று நான் சொன்னால், நீ தைத்த கழுத்து இறக்கம் என்று அவள் சொல்வாள், பிறகு இந்த ஏற்பாடு என்னாகும் என்று எனக்கும் பயம், அவளுக்கும் பயம். அதனால் கறி நல்லா இருந்துது என்பேன், சட்டை நல்லா இருந்துது என்பாள். ரெண்டு ஆபீசர்கள் மாதிரி மரியாதையாக நடந்துகொண்டிருந்தோம். என்னோடு சண்டை போடாத ராஜபாய் எனக்கு யாரோ ஒருத்தியாகத்தான் தெரிந்தாள். நாள் முழுக்க நான் வாய் திறந்து பேசுவது, அளவெடுக்க வருகிறவர்களிடம் கையைத் தூக்கு, கையை இறக்கு என்பதுதான்.

நேற்று நம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. எட்சன் மண்டைக்காடு பக்கம், அவர்களுக்கு இதன் சூடு தெரியாது, சொல்லிக் கொடு. வீட்டுக்கு வீடு முதல் விளைச்சலைக் கொண்டுவந்து முன்னால் வைத்திருந்தார்கள், ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், காலைக் கட்டிய கோழி, அப்புறம் பெண்டுகள் கையால் செய்த பலகாரம். ஆராதனை கழிந்து வெளியே பந்தலில் ஏலம். நான் வருஷா வருஷம் ஒரு ஜாடி மீன் அச்சாறு ஊறப்போட்டுக் கொண்டுபோவேன், அதற்கு நடக்கிற போட்டியில் என் தலை கொஞ்சம் கனத்துத்தான் வீட்டுக்கு வருவேன் என்று உனக்குத் தெரியும். இந்த வருஷம் அடுப்பே பற்ற வைக்காத நான் அச்சாறுக்கு எங்கே போவேன். ராஜபாய் முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தாள், பல்லுக்குச் சவால் விடுகிற முந்திரிக்கொத்து, அதுவும் நல்ல விலைக்குப் போயிற்று, வயிறு எரிந்தது. நான் என் கைக்கு வருவதைக் கொண்டுபோவோம் என்று ஒரு பிளவுஸ் தைத்திருந்தேன். சந்தன நிறத் துணி, பச்சைக் கரை. நீ போனில் வர வேண்டாம் என்று சொன்ன அந்த வாரத்தில் வெட்டியது. எல்லாருக்கும் ஆகிற ஒரு நடு அளவு, அளவு பிளவுஸ் ஒன்றும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷக் கை, அதற்கு எதற்கு அளவு என்ற திமிர்தான்.

ஏலம் விளித்தது நம் சர்ச் செயலாளர் ரசலையன் அண்ணன். பிளவுஸை ஹாங்கரில் மாட்டி உயரத் தூக்கிப் பிடித்தார். ஒரு தோள் இறங்கித் தொங்கியது. அண்ணன் ஹாங்கரைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார், அப்போதும் அதே தோள்தான் தொங்கியது. தங்கபாய், ஒரு தோளு வெள்ளத்தோட போச்சா என்று மைக்கில் என்னைக் கேட்டார். பந்தல் முழுக்கச் சிரித்தது. என் கையால் தைத்த துணி ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை ரெஜிலா, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தொங்கியது இடது தோள். சின்னதில் நீ கொல்லாமரத்திலிருந்து விழுந்து, எலும்பு கூடிய பிறகும் உன் இடது தோள் அரை விரல் தாழ்ந்தே நின்றுவிட்டது. அன்றிலிருந்து உனக்கு வெட்டிய எல்லாத் துணியிலும் இடது தோளை அரை விரல் இறக்கித்தான் வெட்டியிருக்கிறேன், போட்டால் தோள் நேராக இருப்பதாகவே தெரியும், யாருக்கும் தெரியக்கூடாது என்று. நான் நடு அளவு என்று நினைத்து உட்கார்ந்தேன். என் கை உன் அளவை வெட்டி வைத்திருக்கிறது. கழுத்து, இடுப்பு, கை உயரம் எல்லாம் உன்னுடையது.

அண்ணன் கேட்டுக்கொண்டே நின்றார், ஒருத்தரும் விலை சொல்லவில்லை. கோணல் தோள் பிளவுஸை யார் கேட்பார்கள். இது என் மகளுக்கு வெட்டினது என்று சொன்னால் அங்கேயே அழுதிருப்பேன். அப்போது பின்னாலிருந்து ராஜபாய் ஒரு விலை சொல்லி ஏலம் கேட்டாள். அண்ணன், ராஜபாய், இதுல உனக்க ஒரு கையாவது நுழையுமா என்றார். மறுபடியும் சிரிப்பு. அவள், எனக்கு நுழையாண்டாம் அண்ணே, நீங்க ஏலத்த விளியுங்க என்றாள். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. அண்ணன் மணியடிக்கக் கை ஓங்கும்போது, அவள் கேட்ட விலைக்கு மேலே அவளே கூட்டிக் கேட்டாள். நீதானே ஏட்டி கேட்டுருக்க, பெறவு ஆருக்கு மேல கூட்டுக என்றார் அண்ணன். தெரியும் என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை கூட்டினாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது மழை. பாதி வழியில் அவள் பையிலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தாள். ஏட்டி, இது ரெஜிலாக்க அளவுல்லா, தூக்கிப் பிடிச்ச ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு, பார்சல்ல வச்சு அனுப்பாத, நீ கொண்டு போய்க் குடு என்றாள். நான் விசாக் கதையை அவளிடமும் தொடங்கினேன், அவள் நம்பவில்லை. அப்புறம் உள்ளதைச் சொன்னேன், பிள்ளையைப் பார்க்க அங்கே ஆள் கிடைத்துவிட்டது, நான் போவதில் ஆதாயம் இல்லை என்று. நட்ட வழியில் நின்றுவிட்டாள். பிள்ளையப் பாக்கத்தான ஆளு கிடைச்சுருக்கு, உனக்கு மவளப் பாக்காண்டாமா என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், உனக்க கறியில எப்பவும் உப்பு கூடுதல், இத்தன மாசமா சகிச்சுத் தின்னுகேன் என்று சொல்லிவிட்டேன். அவளும் விடவில்லை, நீ தச்ச கழுத்துல எனக்கு மூச்சு முட்டுகு என்றாள். ஒரு குடையில் நின்று ரெண்டு பேரும் வாய்க்கு வந்ததைப் பேசினோம். நன்றாக இருந்தது. அப்புறம் அவள் வீட்டுக்குள் போனாள், உள்ளே மருமகளும் பிள்ளைகளும் பேசுகிற சத்தம் கேட்டது. நான் என் கதவைத் திறந்தேன். வாளி நிறைந்து தரையெல்லாம் தண்ணீர்.

தரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். உங்கள் கணக்கு சரிதான், அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். உன் ஒரு மணி நேரத்துக்கு அங்கே என்ன மதிப்போ அதில் பிரேசில்காரியின் ஒரு நாளை வாங்கிவிடலாம். அதனால் நீ குஞ்சை அவளிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாய். அங்கே கட்டிலில் கிடக்கிற ஏதோ ஒரு கிழவிக்கு முகம் துடைத்து மருந்து கொடுக்கிறாய். அந்தக் கிழவிக்கும் மகள் இருப்பாள், அவள் தன் ஒரு மணி நேரம் எங்கே கூடுதல் பெறுமோ அங்கே வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். பிரேசில்காரிக்கும் பிள்ளை உண்டு, அது ஊரில் அவளுடைய அம்மாவிடம் வளர்கிறது என்று நீதான் சொன்னாய். எனக்கு ராஜபாய் சோறு வைக்கிறாள், அவள் பிள்ளைகளுக்கு நான் தைக்கிறேன். எல்லாருக்கும் லாபம்தான், நஷ்டப்பட்டவர் என்று ஒருத்தரைக் காட்ட முடியாது. யார் பிள்ளை யார் மடியில், யார் அம்மா யார் கையில் என்று பார்க்கப் போனால்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. ஒரு கறிக்கு எதை விடுகிறோம் என்று பார்க்கச் சொல்லித் தந்தாரே எட்சன், அப்போது நான் பிளவுஸை மட்டும்தான் நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்தார். அலக்குகல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதை ரெண்டு பேருமே கணக்கில் எழுத மறந்துவிட்டோம். அது ஒரு சாமான் மாதிரி அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நீ சின்னவள் இல்லை, உன்னிடம் நேராகவே சொல்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். தனியாக இருக்க முடியவில்லை என்று சொல்லி உன்னைக் கரைக்க நான் எழுதவில்லை, இருக்க முடிகிறது, இருந்துகொண்டுதான் இருக்கிறேன், உன் அப்பா போன பிறகு பழகியும் விட்டது. ஆனால் நீ பிரசவித்துக் கிடந்த நேரத்தில் நான் வரவில்லை, விசாவும் நாளும் ஒத்துவரவில்லை, அப்போதும் சரி மக்களே என்றுதான் சொன்னேன். எத்தனை சரி சொல்வேன். அம்மாவுக்கு ஒரு வேலை இருந்தால்தான் அம்மாவைக் கூப்பிட முடியும் என்று நீயும் நினைத்துவிட்டாய், நானும் அதை ஒத்துக்கொண்டு, பிள்ளை பார்க்கிற வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இனி அப்படி இல்லை. பிரேசில்காரியை நிறுத்தாதே. நான் வந்த பிறகும் குஞ்சை அவளிடமே விடு, அவள் பிழைப்பு அது, அவள் பிள்ளையும் சாப்பிட வேண்டும். எனக்கு அங்கே வேலை ஒன்றும் வேண்டாம். சமைக்கவும் மாட்டேன், ராஜபாய் என்னைக் கெடுத்துவிட்டாள். நீ டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அந்த வீட்டில் நான் இருப்பேன். உனக்கு ஓய்வு கிடைக்கிற நாளில் என் பக்கத்தில் சும்மா இரு, பேசினாலும் சரி, உறங்கினாலும் சரி. டிக்கெட்டுக்கு நீங்கள் ஒன்றும் அனுப்ப வேண்டாம், நான் மிஷின் மிதித்துச் சேர்த்ததில் இருக்கிறது. எந்த சீசனில் விசா வந்தாலும் அந்த சீசன் தையல் போகட்டும். எட்சன் இதை நஷ்டம் என்று சொன்னால் ஆமாம் என்று சொல், மாமி தெரிந்துதான் வருகிறாள் என்று சொல்.

பார்சலில் ஏத்தங்காய் வற்றல் இருக்கிறது, ராஜபாயின் முந்திரிக்கொத்து இருக்கிறது, சுக்குக்காபிப் பொடி இருக்கிறது. கருவாடு வைக்கவில்லை, விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று சபிதா சொன்னாள். பிளவுஸும் வைக்கவில்லை. குஞ்சுக்கு ரெண்டு காதும் மூடுகிற மாதிரி பருத்தித் தொப்பி தைத்து வைத்திருக்கிறேன், உள்பக்கம் தையல் உறுத்தாமல் மடித்து அடித்தது, வெளியே போகும்போது போட்டுவிடு. நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. எட்சனைப் பெட்டி தூக்கும்போது முதுகை வளைத்துத் தூக்க வேண்டாம் என்று சொல். இடது கையில் பிள்ளையை நெடுநேரம் வைத்திருக்காதே, அந்தத் தோளுக்கு ஆகாது.

உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும். எட்சனுக்கு என் அன்பு, குஞ்சுக்கு நெற்றியில் ஒரு முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே. விசாவுக்கு நீ ஒரு அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டுமாம், அதில் என்ன காரணத்துக்காக வருகிறார் என்று எழுத வேண்டுமாம், சபிதா சொன்னாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று எழுதிவிடாதே மகளே. மகளைப் பார்க்க என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கபாய்